வெந்நீர்

பதினெட்டு வருடம்
என் மூக்குக்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள்.
வெந்த காட் மீனின் ஒரு துண்டை முகர்ந்து
பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும்.
புதுசென்றால் கடற்பாசி, கொஞ்சம் பால்.
பழசென்றால் ஓரத்தில்
அம்மோனியா மெல்லத் தலைகாட்டும்.
அதைப் பிடிக்கத்தான் நான்.

பிப்ரவரியில் ஒருநாள் அது நேரே வந்தது,
மீன் வழியாக அல்ல,
குளிர்பதன அறையில் வெடித்த குழாய் வழியாக.
ஓடியது நினைவில்லை.
ஓடும் முன் ஒரு கையுறையைக் கழற்றி
எதற்கோ மேசைமேல் ஒழுங்காக வைத்தது
நினைவிருக்கிறது.

கண் மூன்று நாளில் தெளிந்தது.
தொண்டைக்கு ஒரு வாரம்.
காபி வெறும் சூடு ஆகிவிட்டது.
மகனின் தலை வெறும் முடி.

அகுரேரியில் மருத்துவர் தோர்குன்னுர்
ரசீதின் பின்பக்கம் பென்சிலால் வரைந்தார்:
நாசியின் உச்சியில் தபால்தலை அளவு இடம்,
அதில் காற்றுக்குள் தலைநீட்டி நிற்கும் நரம்புகள்.
மூளையைச் சேர்ந்தது எதுவும்
இவ்வளவு வெளியே வந்து நிற்பதில்லை.
அதனால் அடிக்கடி சாகும்.
அதனாலேயே திரும்ப முளைக்கவும் தெரியும்.

அடியில், தட்டையாக, இன்னும் சில செல்கள்.
அன்றாடச் சாவுக்கு அவை புரண்டுகூடப் படுப்பதில்லை,
அதற்கு வேறு ஆட்கள் உண்டு.
தெருவே எரிந்தால்தான் இவை எழுந்திருக்கும்.

எரிந்ததா என்றேன்.
நன்றாகவே, என்றார்
பாராட்டுகிறவர்போல.

ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, தைலமரம்:
நான்கு குப்பிகள், காலையும் இரவும்.
நான்கிலும் கண்ணாடிதான் இருந்தது.
வேலையில் என்னை முள் பிடுங்கும் வரிசைக்கு மாற்றினார்கள்.
பக்கத்தில் போலந்திலிருந்து வந்த போகுமிவா.
முள் இருக்குமிடம் அவள் விரலுக்குத் தெரியும்.
என் விரல் எதற்கும் பழகியிருக்கவில்லை.

அந்த மாதங்களில் உள்ளே
ஒவ்வொரு புதுச் செல்லும் ஒரு நூல் விட்டுக்கொண்டிருந்ததாம்,
சல்லடை எலும்பின் ஓட்டைகளில் நுழைந்து மேலே,
இருட்டில், தன் முடிச்சைத் தேடி.
சில நூல்கள்
வேறு யார் வீட்டிலோ ஏறிப் படுத்துக்கொள்ளும்.

ஏழாம் மாதம் காபி திரும்பி வந்தது,
எரியும் ரப்பராக.
கிராம்பு, டீசல்.
மகனைக் கட்டிக்கொண்டால்
நமுத்துப்போன தீக்குச்சிப் பெட்டி.
ஒரு நோட்டில் 'தப்பு' என்று தலைப்பிட்டு
எல்லாவற்றையும் எழுதினேன்.
தொலைபேசியில் தோர்குன்னுருக்கு ஒரே சந்தோஷம்:
தப்பாக வருகிறதா? வரட்டும். வருகிறதே!

அக்டோபரில், வேலை முடிந்து குளிக்கப்போய்
வெந்நீரைத் திறந்தேன்.
அழுகிய முட்டை.
மூடினேன். திறந்தேன். அதேதான்.
நோட்டில் பதினோராவதாக எழுதி
மறுநாள் போகுமிவாவிடம் சொன்னேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.
"ஸ்டெய்ன்வோர், அது தப்பில்லை,
அது உங்கள் ஊர்த் தண்ணீர்.
ஒன்பது வருடம் முன்னால், வந்த முதல் ராத்திரி,
குளியலறையில் எதுவோ செத்துக் கிடக்கிறதென்று
தரையெல்லாம் தேடினேன்.
கேட்ட ஆளெல்லாம்
என்ன வாசம், என்ன வாசம் என்றார்கள்."

பூமிக்கடியிலிருந்து கந்தகத்தோடு ஏறிவரும் நீர்.
நாற்பத்தாறு வருடம் அதில்தான் குளித்திருக்கிறேன்.
குழந்தையைக் கழுவியிருக்கிறேன்.
பத்துக்கு எத்தனை என்று
மீன்களுக்கெல்லாம் தீர்ப்பெழுதிய அந்தப் பழைய மூக்கு
இதை ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை.

பதினோராவதை அடித்தேன்.
அன்றிரவு, கை சிவக்கும்வரை
குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.
நாற்றம்தான். என் செல்கள் சொன்ன
முதல் உண்மை.

வியாழக்கிழமை அது கொஞ்சம் குறைந்திருந்தது.
சனிக்கிழமை இன்னும்.
குணமாகிறேனா
பழகுகிறேனா
என்று கேட்க ஆளில்லை.

காபி இன்னும் ரப்பர்தான்.